டொக் டொக் என்றால் மாமா

அக்காவின் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த மூன்றாம் நாள் காலை, அவள் வாயிலிருந்து ‘ளக்’ என்று ஒரு சத்தம் வந்தது. நர்ஸ் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். இயந்திரத்தின் மேல் தப்பில்லை. மறுபடி ‘ளக்’. பிறகு ‘டொக் டொக்’.

“பல்லு ஏதாச்சும் ஆடுதோ?” என்றாள் அம்மா.

அது பல் இல்லை, வாக்கியம்.

எனக்குப் பத்து வயதும் அவளுக்குப் பதினாலும் இருந்தபோது நாங்கள் ஒரு மொழி செய்தோம். உறவினர்களை அவர்கள் எதிரிலேயே திட்ட ஒரு மொழி தேவைப்பட்டது. ஏற்கெனவே இருந்த மொழியில் திட்டினால் அடி விழுந்தது. நாக்கால் சொடுக்கும் ஒலிகள் ஐந்து, சொற்கள் நாற்பத்து மூன்று, அதில் முப்பது வசவு. விஷயம் முதலில் வரும், ஆள் கடைசியில். ஆளின் பெயர் வருவதற்குள் ஓடிவிடலாம் என்பதே இலக்கணத்தின் அடிப்படை. சித்திகள் ‘ப்ச்... ப்ச்’ என்று பரிதாபப்படுவார்களே, அதற்கு எங்கள் மொழியில் ‘எருமை, எருமை’ என்று அர்த்தம். ஒரு வாரமாக ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. அழவுமில்லை. கேன்டீனில் டோக்கன் வாங்கி, டோக்கனுக்கு உரியதைச் சாப்பிட்டேன்.

இந்த ஒலிகளுக்கு நுரையீரல் வேண்டாம், வாய்க்குள் இருக்கும் காற்றே போதும். குழாய் அவள் குரலை எடுத்துக்கொண்டது, இதை விட்டுவைத்திருந்தது. வலது கை மாவுக்கட்டில், இடது கை வீங்கிக் கிடந்தது. எழுதிக் காட்டவும் வழியில்லை. உலகத்தில் அவள் பேச்சு புரியக்கூடிய ஒரே ஆள், காலேஜில் நாலு அரியர் வைத்திருக்கும் நான்.

‘ளக்’ என்றால் எங்கே. ‘டொக் டொக்’ என்றால் மாமா. அக்காவைக் கட்டிய புதிதில் அவருக்கு வைத்த பெயர். மனிதர் அதைக் கண்டுபிடித்து, கோபப்படாமல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

விபத்தன்று பைக்கை ஓட்டியது மாமாதான். ரோட்டிலேயே போய்விட்டார். அவள் கொஞ்சம் தேறும்வரை அதைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“உங்க கோணங்கிப் பாஷையாடா அது? இப்பவும் பேசுறாளா?” அம்மா என் சட்டையைப் பிடித்தாள். “என்னடா சொல்றா? சொல்லித் தொலையேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். ‘ளக். டொக் டொக்.’ மக்குப் பையனுக்குச் சொல்வதுபோல, மெதுவாக.

“தண்ணி கேக்கறா,” என்றேன்.

“அடக் கடவுளே, இத்தனை நாளா தண்ணிக்கா தவிச்சிருக்கு என் புள்ள! சிஸ்டர், ஒரு வாய்...”

“குடிக்கக் குடுக்காதீங்கம்மா. பஞ்ச நனைச்சு உதட்டுல வைங்க.”

அக்காவின் காதுகளுக்கு அந்த விபத்தில் ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னது அவளுக்கு நன்றாகவே கேட்டது. புருவம் சுருங்கியது. அவள் சொன்னதை நான் ஒருநாளும் தப்பாக மொழிபெயர்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் புருவம் தானாகவே தளர்ந்தது.

அம்மா பஞ்சோடு வந்தாள். அக்காவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, அடுத்த சொடுக்குக்குத் தயாராக நின்றது. நான் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. நாக்கு மெல்ல இறங்கியது. அவள் வாயைத் திறந்தாள்.

“பாத்தியா, எப்படி உறிஞ்சுறா,” என்றாள் அம்மா. “இன்னும் கொஞ்சம் வேணுமா கண்ணு?”

வாயோரம் வழிந்த நீர் கன்னத்தில் இறங்கிக் காதருகே தேங்கியது. அக்கா என்னைப் பார்த்தபடியே பஞ்சை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.