பனி உருக்கும் பத்து நிமிடம்

மெக்கானிக் எந்த சென்சாரையும் நம்பியதில்லை. ஏசி, ஃபிரிட்ஜ் என்று முப்பது வருஷம் பிரித்து மாட்டியவர். சென்சார் எல்லாம் கம்பெனிக்காரன் பித்தலாட்டம் என்பார்.

நுரையீரல் கெட்டு மனைவி படுக்கையில் விழுந்ததும், பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றாள் மகள்.

"அறை சூடா இருந்தா வீட்லயே இருக்கலாம்னு டாக்டர் சொன்னாருல்ல? சூட்டுக்கு நான் பொறுப்பு. நீ போய் உன் வேலையப் பாரு," என்று அவள் வாயை அடைத்தார்.

அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரே தொல்லை: வெளி யூனிட்டில் பனி கட்டினால் அதை உருக்க மெஷின் தானாகவே தலைகீழாக ஓடும். அந்தப் பத்து நிமிடமும் அறைக்குள் சில்லென்று காற்று வரும்.

"என்னங்க, உங்க மெஷினுக்கும் என்னைப் பிடிக்கல போல. மூஞ்சில ஊதுது."

"நாப்பது வருஷமா நீ என்னைக் காய்ச்சினதுக்குப் பழிவாங்குது."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவருக்குப் பொறுக்கவில்லை. பனி உருக்கச் சொல்லும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். இரண்டு நாள் குளிர்காற்றே இல்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை வெளி யூனிட் முழுக்க ஒரே பனிப்பாறை. கேஸ் அழுத்தம் விழுந்து, பிரஷர் சுவிட்ச் மெஷினை நிறுத்தியிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பனியை உருக்கி, ஒயரை மாட்டியிருந்தால் ஒரு மணி நேர வேலை. உள்ளே அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "சுவிட்சு பொய் சொல்லுது," என்று முனகியபடி அதன் இரு முனைகளையும் துண்டு ஒயரால் இணைத்துவிட்டார். மெஷின் ஓடியது. அரை மணியில் கடகடவென்று அடித்துக்கொண்டு கம்ப்ரசர் இறுகி நின்றது.

புது கம்ப்ரசர் வரப் பத்து நாளாகும் என்றார்கள். கரண்ட் அடுப்பு ஒன்றை வைத்துப் பார்த்தார்; மனைவிக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் அது கூடாது என்று, தினமும் வந்துபோகும் நர்ஸ் அணைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

மதியம் மகள் ஆம்புலன்ஸோடு வந்தாள்.

"எப்படிப்பா நின்னுச்சு? தானாவா?"



"விடும்மா, பழைய மெஷின்," என்றாள் மனைவி. அவர் ஒயரோடு மல்லுக்கு நின்றதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

ஸ்ட்ரெச்சரோடு வாசல்வரை நடந்தார். "பத்தே நாள்தான். சரி பண்ணிட்டு வந்து கூட்டிக்கிறேன்."

"நிதானமாப் பண்ணுங்க. எனக்காக அவசரப்படாதீங்க."

எட்டாம் நாள் விடிந்ததும் பராமரிப்பு இல்லத்திலிருந்து போன் வந்தது. கம்ப்ரசர் வந்தது பதினோராம் நாள்.

"எங்கங்க இறக்கணும்?" என்று கேட்டான் வண்டிக்காரன்.

"எங்க வேணா வையி," என்றார் மெக்கானிக்.