அக்கரையில் ஒரு மேசை

பாலம் திறந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் தெரு காலியாகத் தொடங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த மாவட்டம். புது அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் அங்கேதான் எழும்பின. சம்பளம் ஏறியவர்கள் ஒவ்வொருவராக அங்கே குடிபோனார்கள். வங்கி மேலாளர் போனார், பல் டாக்டர் போனார். அண்ணனும் அண்ணியும் நடத்திய சலவைக்கடையில் வெறும் ஹேங்கர்கள்தான் தொங்கின. அவர்களோடு இருந்துகொண்டு மருந்துக்கடையில் வேலை பார்த்த எனக்கே வீட்டுக்குள் நுழையச் சங்கடமாக இருந்தது.

"மெஷினை வித்துட்டு நாமளும் அந்தப் பக்கம் போயிடலாம். எங்கயாவது வேலைக்குச் சேர்ந்துக்கறேன்," என்றான் அண்ணன்.

"அங்க வாடகையக் கேட்டீங்களா? உங்க சம்பளத்துக்கு வாசப்படிதான் கிடைக்கும். அதுலயும் ஒருத்தர்தான் உக்காரலாம்."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. அண்ணி அதோடு விடவில்லை. என் விடுமுறை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் பஸ் ஏறினாள்.

முதல் அடுக்குமாடியிலேயே காவலாளி மறித்தார். "விக்கிறவங்க உள்ள வரக்கூடாதும்மா."

"நான் விக்க வரலைங்க, வாங்கத்தான் வந்தேன். அழுக்குத் துணி."

அவர் சிரித்தார், கதவைத் திறக்கவில்லை. அடுத்தடுத்த வாசல்களிலும் அதே கதைதான். "போதும் அண்ணி, கால் கெஞ்சுது," என்றேன். வெயிலுக்கு ஒதுங்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தோம். அங்கே ஏதோ நகலெடுக்க நின்றிருந்தவர் வங்கி மேலாளரின் மனைவி.

"அடடே, நீங்களா! இங்க வெள்ளைச் சட்டையக் குடுத்தா மஞ்சளாத் திரும்பி வருது. தினமும் அவர் என் உயிரை எடுக்கிறார்!"

அண்ணி உடனே கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த மூலையில ஒரு மேசை போட்டுக்கட்டுமா? வாடகை தந்துடறேன். உங்க வீட்டுத் துணியும் என் பொறுப்பு."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எங்க வீட்டுல ஏழு பேரும்மா."

"தாராளமா அழுக்காக்கட்டும்."

மேசை வந்தது. துணி அக்கரையில் சேர்ந்தது. வெளுப்பதும் தேய்ப்பதும் இங்கேயே. அண்ணன் ஒரு பழைய வேனை வாங்கிப் பாலத்தில் போய்வந்தான். ஆட்கள் போய்விட்டதால் எங்கள் தெருவில் வாடகை விழுந்து கிடந்தது. பூட்டிக் கிடந்த பக்கத்துச் செருப்புக்கடையையும் அண்ணி எடுத்து, நடுச்சுவரை இடித்து இன்னொரு மெஷின் போட்டாள். அந்தச் செருப்புக்கடையில் வேலை போன இரண்டு பெண்களையே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

"தொழில் தெரிஞ்சவங்களா எடுத்திருக்கலாமே?" என்று அண்ணன் கேட்டான்.

"கத்துக்குவாங்க. இவங்களும் கிளம்பிட்டா இந்தத் தெருவுல யாருங்க மிச்சம்?"

அன்று அவளைப் பார்த்து மலைத்துப்போனேன். எல்லோரும் வருமானத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, இவள் அதைப் பாலம் தாண்டி எங்கள் தெருவுக்கே வரவைத்திருந்தாள்.

சென்ற வாரம் தூரத்து மாமா ஒருவர் போனில் அண்ணனிடம் விசாரித்தார். "என்ன மாப்பிள்ளை, கடை ரெண்டாயிடுச்சாமே!"

"கடை என் வீட்டுக்காரியோடது மாமா," என்றான் அண்ணன், வேன் சாவியைத் தேடிக்கொண்டே. "நான் டிரைவர்."