மூன்று தகடுகளிலும் ஒரே இடத்தில்

ஆம்ப்ரோஸ் டிட்வெல் படம் எடுக்க வருவதற்கு முன்னால் பல் பிடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது அவன் கட்சி. இரண்டிலும் ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, "அசையாதீங்க" என்று அதட்ட வேண்டும். கடைசியில் கிடைப்பதைப் பார்த்து, இதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று ஆள் வருத்தப்படுவார். "பல்லு போனா மறந்துடுவாங்க. படம் போனா பேரப்புள்ளைங்க வரைக்கும் திட்டுவாங்க" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஹாக்ஸ்பி ஊரின் சந்தைத் தெருவில், சேணம் தைப்பவர் கடைக்கு மேலே, கண்ணாடிக் கூரை போட்ட மாடி அவனுடையது. 1872 மே மாதம் ஒரு வியாழக்கிழமை, கீழே ஆடுகள் கத்திக்கொண்டிருக்கும்போது, தொப்பிக் கடைக்காரர் மகள் டோர்கஸ் ஃபென் படியேறி வந்தாள். பதினைந்து நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டும்.

"மூணு நாளாக் காய்ச்சல் அக்கா. இடுப்பு ஒடிஞ்சி போச்சு. இன்னிக்குத்தான் எழுந்தேன். இப்பப் பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்றாள் டோர்கஸ், ஆம்ப்ரோஸின் மனைவி கெசையாவிடம்.

"கல்யாணக் காய்ச்சல்டி. எனக்கும் வந்துச்சு. பதினோரு வருஷமாச்சு, இன்னும் விடல" என்று கெசையா கணவனைப் பார்த்தாள்.

ஈரத்துணியால் முகம் துடைத்து, பவுடர் பூசி, கன்னத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் இரும்புக் கவ்விக்குள் தலையைப் பொருத்துவது கெசையாவின் வேலை. எட்டு விநாடி தலை ஆடாமலிருக்க அந்தக் கவ்வி இல்லாமல் முடியாது.

"பயப்படாத தாயி, இரும்புதான். உன் மாமியார் கை இல்ல" என்றான் ஆம்ப்ரோஸ்.

"அவங்க கை இதைவிடச் சில்லுனு இருக்கும்" என்றாள் டோர்கஸ்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. சிரிச்சுக் கெடுத்தா தகடு கழுவறது நான்" என்றாள் கெசையா.

ஆம்ப்ரோஸ் எட்டு எண்ணினான். கண்ணாடித் தகட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய் மருந்து ஊற்றினான். முகம் எழுந்து வந்தது. கூடவே முகம் முழுக்கப் பொடிப்பொடியாக ஊசித் துளைகளும் வந்தன. தகட்டை முக்கியெடுக்கும் வெள்ளிக் கரைசல் பழசானால் இப்படித் துளை விழும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கோளாறு.

"கரைசல் காலை வாரிடுச்சு. இன்னொரு தடவை!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

கரைசலை வடிகட்டினான். கெசையா மறுபடி டோர்கஸின் முகத்தைத் துடைத்தாள், மறுபடி கன்னத்தை ஏந்தினாள். இரண்டாவது தகட்டிலும் துளை. புதுக் கரைசல் கலக்கி மூன்றாவதும் எடுத்தான். அதிலும் துளை. வெளியே வந்து டோர்கஸின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான். ஒரு புள்ளி இல்லை, பால் மாதிரி இருந்தது.

"முகத்துல தப்பில்ல, என் கையிலதான். நீ போ தாயி. ஓட்டையெல்லாம் நானே அடைச்சுத் தரேன்."

அடுத்த இரண்டு நாள், பென்சிலைக் கூராகச் சீவி, மூன்றாவது நெகட்டிவ் தகட்டில் ஒவ்வொரு துளையாக அடைத்தான். நாற்பத்து மூன்று. வேலை சுத்தமாக முடிந்ததில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட. தன் முதுகில் தட்டிக்கொள்ள முயன்று தோளில் சுளுக்கு வாங்கினான்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்ஜட்டர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஃபென் வீட்டுப் பொண்ணை யார் தொட்டீங்க?"

"ஏன் டாக்டர்?"

"பெரியம்மை. முகமே தெரியல. லண்டன்ல இருக்குன்னு பேப்பர்ல படிச்சோம். மாப்பிள்ளை வீட்டார் அங்கேருந்துதானே வந்து போனாங்க."

ஆம்ப்ரோஸ் சட்டைக் கையை மேலே தள்ளித் தனக்குச் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பைக் காட்டினான். கெசையா நகரவில்லை.

"எங்கப்பா சிற்றாலயத்துல பிரசங்கம் பண்றவர் டாக்டர். ஆண்டவன் கொடுத்த ரத்தத்துல மாட்டுச் சீழை ஏத்தக் கூடாதுன்னு, அம்மை குத்த மறுத்து அபராதமே கட்டினார். எங்க வீட்ல யாருக்கும் குத்தல."

ஆம்ப்ரோஸ் போய் அலமாரியிலிருந்து மூன்று தகடுகளையும் எடுத்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தான். கரைசல் கெட்டிருந்தால் துளை தகடு முழுக்கச் சிதறும், ஆளுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையிலும் விழும். இங்கே திரைச்சீலை சுத்தமாக இருந்தது. முகத்தில் மட்டும்தான் துளை. அதுவும், பென்சிலால் அடைத்ததையும் சேர்த்து, மூன்று தகடுகளிலும் ஒரே இடத்தில்: இடது புருவத்துக்கு மேலே நாலு, மூக்கு ஓரத்தில் இரண்டு. கெட்ட கரைசல் ஒரே இடத்தில் இரண்டு முறை துளை போடாது. தோலுக்கு அடியில் கிளம்பிய சிவப்பு கண்ணுக்கு எட்டும் முன்பே தகட்டுக்கு எட்டியிருக்கிறது.

"இதை அன்னிக்கே பார்த்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"பார்த்தேன். பென்சிலால அடைச்சேன்."

டாக்டர் பையைத் திறந்து கெசையாவின் கையில் அம்மை குத்தினார். அப்பாவின் பேரை அவள் மறுபடி எடுக்கவில்லை. வாசலில் நின்று ஆம்ப்ரோஸிடம், "வியாழக்கிழமையே குத்தியிருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். அஞ்சு நாள் போயிடுச்சு. பார்க்கலாம்" என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் கெசையாவை அதே நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தான். ஒவ்வொரு முறையும் இரண்டு தகடு. ஒன்றில் தூசு விழுந்தாலும் இன்னொன்று உண்மையைச் சொல்லும்.

"கல்யாணமான நாளா ஒரு படம் எடுங்கன்னு கெஞ்சினேன். அப்ப நேரமில்ல. இப்ப மகாராணிக்குக்கூட இத்தனை படம் இருக்காது" என்றாள் கெசையா.

"மகாராணி இவ்வளவு வாயாடினா அவங்களுக்கும் எட்டு விநாடி பத்தாது."

முதல் நாள் சுத்தம். இரண்டாம் நாளும் சுத்தம். டோர்கஸ் பிழைத்துக்கொண்டாள் என்றும், கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்றும் செய்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. ஆம்ப்ரோஸ் கடைக்கு வந்தவர்களை எல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினான்.

டோர்கஸைத் தொட்ட பதினோராம் நாள் கெசையாவுக்குக் காய்ச்சல் அடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

"அம்மை குத்தினதுக்கு வர்ற காய்ச்சல்தான்" என்றாள்.

"ஆமா. இல்லாட்டி ஜன்னலைத் திறந்து வச்ச என் புத்தி" என்றான் அவன். இரண்டு பேருமே நம்பவில்லை.

காய்ச்சல் வந்த நான்காம் நாள் காலை அவளே எழுந்து அடுப்படிக்கு வந்தாள். பன்றிக்கறி வறுத்து ரொட்டியோடு தின்றாள், இன்னொரு துண்டு கேட்டாள். முகம் கழுவினாற்போல் தெளிவாக இருந்தது. எழுந்து நடமாடுகிறாளே என்று அவனால் சந்தோஷப்பட முடியவில்லை. டோர்கஸும் இப்படித்தான் ஒரு காலையில் எழுந்து படியேறி வந்தாள்.

மாடியில் கவ்வியைப் பொருத்தும்போது அவன் பேசவில்லை.

"ஏதாவது சொல்லுங்களேன். நீங்க பேசாம இருந்தா உசிரோட இருக்கிறவளைப் படம் எடுக்கிற மாதிரி இல்ல" என்றாள் கெசையா.

அவன் எட்டு எண்ணினான். திரும்பவும் எட்டு எண்ணினான்.

இருட்டறையில் முதல் தகட்டில் அவள் முகம் எழுந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் துளைகள். தன் கை கெட்டுப்போயிருக்க வேண்டும், கரைசல் அழுகியிருக்க வேண்டும், ஹாக்ஸ்பியிலேயே தன்னைப்போல் உதவாக்கரை படக்காரன் இருக்கக் கூடாது என்று ஆம்ப்ரோஸ் வேண்டிக்கொண்டான். இரண்டாவது தகட்டைக் கழுவினான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மஞ்சள் கண்ணாடி ஜன்னலுக்கு நேரே பிடித்தான். துளைக்கு நேரே துளை இருந்தது. வெளிச்சம் நேராக அவன் கண்ணுக்கு வந்தது.

"என்னங்க, கரைசலா?" என்று வெளியே குரல் கேட்டது.

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஒரு முறை அடைத்தது போதும். வெளியே வந்தான்.

"நெத்தியில ஆறு. கன்னத்துல ஒன்பது. கரைசல் இல்ல கெசையா."

அவள் எழுந்து சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அப்படின்னா இப்பவே இன்னொண்ணு எடுங்க. இந்த முகம் இருக்கிறப்பவே."

அவன் கேமராவைப் பார்த்தான். அதற்கு இந்த முகம் தெரியாது. நாளை மறுநாள் வரப்போகிற முகத்தைத்தான் அது இப்போதே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முகம் தெரிவது அவன் கண்ணுக்கு மட்டும்தான்.

கீழே போய்த் தெருக்கதவைத் தாழிட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பச் சொல்லிச் சேணக்காரரிடம் ஜன்னல் வழியே கத்திவிட்டு மேலே வந்தான். கேமராவின் மேல் கறுப்புத் துணியைப் போட்டான். அவளுக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால்கள் இடிக்க உட்கார்ந்தான்.

"அசையாத" என்றான்.

"எத்தனை விநாடி?"

அவன் எண்ணவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.