ஒரெஸ்தேயின் முறை

இத்தாலியில் கிரெமோனா நகரப் பள்ளியில் லத்தீன் டீச்சர் ஒர்னெல்லாவுக்கு இது தகுதிகாண் வருடம். இன்றைய வகுப்பைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று தலைமையாசிரியை எழுதப் போகிறார். அந்த அம்மாள் கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்.

யாரை என்றைக்கு எழுப்பிக் கேள்வி கேட்பது என்று வகுப்பே கூடிப் பட்டியல் போட்டிருந்தது. ஒர்னெல்லாவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்று ஒரெஸ்தேயின் முறை. வருடம் முழுக்கப் பத்துக்கு நாலைத் தாண்டாத மகராசன்! பாழாய்ப்போன இந்த நாள்தானா அவனுக்குக் கிடைத்தது?

"கொஸ்தான்சா, நீ வாம்மா. 'ஆச்செர்', கூர்மையானது. மூணு பாலுக்கும் எல்லா வேற்றுமையும் சொல்லு."

முதல் மார்க் வாங்கும் கொஸ்தான்சா எழுந்திருக்கவே இல்லை.

"நான் படிக்கல டீச்சர். என் கணக்குல ஒண்ணைக் கழிச்சுக்குங்க."

பருவத்துக்கு இரண்டு முறை அப்படிச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, மார்க் குறையாது. ஒர்னெல்லா பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"நானும் படிக்கல டீச்சர்."

"நானுந்தான்," என்றான் ஜன்னலோரத்தில் ஒருவன், கூப்பிடாமலேயே. "பட்டியல்ல இருக்கிறவனைக் கேளுங்களேன்!"

கடைசி பெஞ்சில் பேனா வேகமாக ஓடியது. தொலைந்தோம் என்று நினைத்தாள் ஒர்னெல்லா.

ஒரெஸ்தே தானாகவே எழுந்து கரும்பலகைக்கு வந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஆச்செர், ஆக்ரிஸ், ஆக்ரே..."

ஒருமையைத் திக்காமல் முடித்தான். பன்மையில் நடுவே நின்றுவிட்டான். ஒர்னெல்லா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். எச்சிலை விழுங்கிவிட்டு, "ஆக்ரியும்," என்று மீண்டும் பிடித்தான். கடைசி வேற்றுமை வரை ஒரு பிசகில்லை.

"பிரமாதம்ப்பா!" என்றார் தலைமையாசிரியை. "இவனை ஏம்மா முதல்லயே கூப்பிடல?"

பொருத்தமான பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. ஒரெஸ்தே அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கு இவன் முறைதான் மேடம். உங்க முன்னாடி என் மானத்தை வாங்கிடுவான்னு பயந்து தாண்டிட்டேன்."

பேனா நின்றது.

"மேடம் வர்றாங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர்," என்றான் ஒரெஸ்தே. "என்னால உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதான் மூணு நாளா உக்காந்து படிச்சேன்."

பேனா மறுபடி ஓடத் தொடங்கியது. என்ன எழுதுகிறார் என்று பார்க்க ஒர்னெல்லாவுக்குத் தோன்றவில்லை. அவனை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.