ஒச்சாயி கொடுத்த ஞாயிறு

கம்பெனியில் விஜயராணி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘அல்லேலூயா அக்கா’ என்று கேட்டால் வாட்ச்மேன்கூட என் மெஷினைக் கை காட்டுவார். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமை. முதலிபாளையத்தில் எத்தனை பனியன் கம்பெனி, எத்தனை டெய்லர்! அதில் ஒருத்தியைப் பார்த்ததும் ஆண்டவர் ஞாபகம் வருகிறது என்றால் சும்மாவா? கழுத்தில் காதில் பொட்டு நகை கிடையாது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் கண் மூடி ஜெபம். பக்கத்து மெஷின் பிள்ளைகள் மாமியாரைப் பற்றிப் புறணி பேசினால், “வாய மூடுங்கட்டி” என்று ஓர் அதட்டல். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பரிசுத்தமாக வாழ்வது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுப்பேன்.

அந்தப் பரிசுத்தத்தில் முதல் இடம் ஞாயிற்றுக்கிழமைக்கு. எங்கள் கம்பெனியில் ஞாயிறு விடுமுறை என்றுதான் போர்டில் எழுதியிருக்கும். ஆனால் சரக்கு அனுப்பும் அவசரம் வந்துவிட்டால் முன் ஷட்டரை இறக்கிவிட்டு, பின்வாசல் வழியாக ஆளை உள்ளே விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் சண்முகவேலிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

“கப்பலே போவாம நின்னாலும் ஞாயித்துக்கிழம நான் வரமாட்டேன் சார். ஆராதனை இருக்கு.”

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது, அதுதான் அவரிடம் பயம். “சாமி காரியமுங்க அக்கா, நான் எதுக்குத் தடுக்கறேன்? ஆனா லைன்ல ஒரு மெஷின் நின்னா எல்லாம் நின்னு போயிருமுங்க. உங்களுக்குப் பதிலா ஒரு ஆளை உக்கார வெச்சுட்டுத் தாராளமாப் போயிட்டு வாங்க” என்றார்.

அந்த ஆள் ஒச்சாயி அக்கா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் லைன் வீட்டில் அடுத்த வாசல். கம்பெனியில் நூல் வெட்டும் வேலை அவளுக்கு. ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் பழகி டெய்லராகிவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. நான் புலம்பியதைக் கேட்டதும் சிரித்தாள்.

“நான் ஒக்காந்துக்கிறேன்டி. எஞ்சாமிக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான். நீ போயி நல்லாப் பாட்டுப் படிச்சுட்டு வா.”

நான் அவளுக்கு நன்றி சொன்னேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஆண்டவருக்குச் சொன்னேன். சபையில் எழுந்து நின்று மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். “மேனேஜர் மனச ஆண்டவர் இளக்கினார், என் ஓய்வுநாளை எனக்குத் தந்தார்” என்றேன். சபையே ஸ்தோத்திரம் என்று கை தட்டியது. அந்தச் சாட்சியில் ஒச்சாயி என்ற பெயர் வரவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, நான் சபையில் கை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், என் மெஷினில் ஊசி அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் இறங்கி எலும்பில் முறிந்துவிட்டது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்தக் கிழமை, எந்த இடம் என்று கேட்பார்கள் அல்லவா? அதனால் அங்கே போகவில்லை. கம்பெனி வேனில் ஏற்றி எங்கேயோ ஒரு சின்ன கிளினிக்கில் கட்டுப் போட்டு வீட்டில் இறக்கிவிட்டார்கள். விரல் சீழ் பிடித்தது. கடைசியில் நுனியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த விரல் இல்லாமல் எந்தப் பொம்பளை துணியை ஊசிக்குக் கீழே தள்ளித் தைப்பாள்?

கம்பெனியோ கையை விரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்குக் கம்பெனிக்குள் எப்படி அடிபடும், வீட்டில் குத்திக்கொண்டிருப்பார் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய புருஷன் சோணைமுத்து அண்ணன் விடவில்லை. பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டி, புகார் சொல்வதற்கென்று ஒரு நம்பரைக் கம்பெனிச் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்கு வாட்ஸப்பில் நடந்ததையெல்லாம் பேசி அனுப்பிவிட்டார். விசாரிக்க ஒரு மேடம் வரப்போகிறார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு.

சண்முகவேல் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

“அக்கா, மேடம் உங்களைத்தான் கேப்பாங்க. அது உங்க மெஷினுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்களைப் பொய் சொல்லச் சொல்லலீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருப்பீங்களோ அதைச் சொல்லுங்க, போதுமுங்க.”

நான் டீயைத் தொடவில்லை. அவரே மேலே பேசினார்.

“ஞாயித்துக்கிழமை கம்பெனி ஓடுதுன்னு வெளிய தெரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. அப்புறம் எந்த மெஷின்ல யாருன்னு ஒவ்வொருத்தருக்கும் கணக்குக் காட்டோணும், ஆள் மாத்தி உக்கார வெக்க முடியாதுங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க நான் லீவு உடறது?”

அவ்வளவுதான். என் ஞாயிறு போய்விடும் என்ற பயத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது, நான் சர்ச்சுக்குப் போவது உண்மைதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு ஆபீசைவிட்டு வெளியே வந்தேன்.

வந்த மேடம் நல்ல மாதிரி. தனி அறையில் வைத்து, பயப்படாமல் பேசுங்கள் என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை இங்க வேலை நடக்குதாம்மா?”

“ஞாயித்துக்கிழம நான் சர்ச்சுக்குப் போயிருவேன் மேடம். மழையோ காய்ச்சலோ, ஒரு ஞாயிறும் தவறினதில்ல.”

“அப்ப உங்களை யாரும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினதில்லை?”

“இல்ல மேடம்.”

“ஞாயிறு லீவுதான்?”

“எனக்கு லீவுதான் மேடம்.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னால் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பாவி, நானும் சிரித்தேன்! ஒரே ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தால் போதும். ஒச்சாயி என்று பெயரை மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். ஒவ்வொன்றும் நிஜம், மொத்தமாகச் சேர்த்தால் பச்சைப் பொய். அது பொய் என்று எனக்கு அந்த நாற்காலியிலேயே தெரியும்.

அன்றோடு சோணைமுத்து அண்ணனின் புகாரை மூடிவிட்டார்கள். ஒச்சாயி அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை நகரவில்லை. உபவாசம் இருந்து பார்த்தேன். பசிதான் எடுத்தது. கோபமெல்லாம் லைனில் இருந்த பிள்ளைகள் மேல் பாய்ந்தது. “அக்காவுக்கு இன்னிக்கு அல்லேலூயா எறங்கலையாட்டம் இருக்குது” என்று ஒருத்தி கிண்டல் பண்ணினாள். அவளைக் கடித்துக் குதறிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் குழாயடியில் ஒச்சாயி அக்கா. இடது கையால் குடத்தைத் தூக்க முடியாமல் தூக்குவாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக்கு வந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத் தண்ணீர் பிடிக்கவே வெட்கமாக இருந்தது.

மாதம் ஒருமுறை ஆண்டவரின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பம் கொடுப்பதற்குமுன் பாஸ்டர், “நீங்க யாருக்காவது தீங்கு செஞ்சிருந்தா, இப்பவே போய் ஒப்புரவாகிட்டு வாங்க” என்பார். உடனே அவரவர் எழுந்து, மனஸ்தாபம் உள்ளவர் இருக்கும் இடத்துக்குப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பார்கள். நானும் மாதாமாதம் எழுவேன். ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்ததில் ஒரு சகோதரியோடு சண்டை போட்டிருப்பேன், அவளைப் போய்க் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்து அப்பம் வாங்குவேன். மனம் லேசாகிவிடும்.

அன்றைக்கும் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் உறைத்தது, நான் போய்க் கையைப் பிடிக்க வேண்டியவள் இந்த மண்டபத்திலேயே இல்லை என்பது. அந்தச் சகோதரி நான் தன்னிடம்தான் வருகிறேன் என்று கையை நீட்டினாள். அவளைத் தாண்டி வெளியே வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, லைன் வீட்டுக்கு நடந்தேன். சீக்கிரம் கேட்டுவிட்டால் திருவிருந்துப் பந்தி முடிவதற்குள் திரும்பிவிடலாம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒச்சாயி அக்கா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சோணைமுத்து அண்ணன் கட்டிலில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே மண்டி போட்டேன்.

“என்ன மன்னிச்சிரு அக்கா. அந்த மேடத்துகிட்ட உன் பேர நான் சொல்லல.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள்.

“கோயிலு அதுக்குள்ள விட்டாச்சா?”

“இல்லக்கா. இனிமேத்தான் அப்பம் குடுப்பாங்க.”

“ஓகோ. எங்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டு வந்தாத்தான் ஒனக்கு அங்கிட்டு அப்பம் குடுப்பாகளாக்கும்?”

அவள் வெங்காயத் தோலை ஓரமாகத் தள்ளினாள்.

“ஏன்டி ராணி, ஒனக்கு ஞாயித்துக்கெழம வேணும்னு சொன்ன, குடுத்தேன். அதுல எவ்வெரலு போச்சு. மேனேசரு முன்னாடி நீ நல்லவளா நிக்கணும், அதுக்கு எம் பொழப்புப் போச்சு. இப்ப ஒஞ்சாமி முன்னாடி நீ சுத்தமா நிக்கணும், அதுக்கும் நாந்தேன் குடுக்கணுமா? எங்கிட்ட இன்னும் என்னாடி இருக்கு?”

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கணக்குக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள். ‘எனக்குப் பதிலாக’ என்று, சிலுவையில் தொங்கிய ஆண்டவரை நினைத்துச் சபையில் கண்ணீர் வடியப் பாடியிருக்கிறேனே, எத்தனை வருஷம்! எனக்குப் பதிலாக ஒருத்தி என் கண் முன்னால், அடுத்த வாசலில் குடம் தூக்கிக்கொண்டிருந்தாள். அவளை வைத்துத்தான் நான் பரிசுத்தவாட்டியாக இருந்தேன்.

“அண்ணே, அந்த நம்பருக்கு இன்னும் பேசலாமா?” என்றேன்.

சோணைமுத்து அண்ணன் என்னை நம்பாமல் பார்த்தார். “இன்னிக்கு ஞாயித்துக்கெழம, எடுக்க மாட்டாக. பேசி வேணா அனுப்பலாம்” என்று போனை நீட்டினார். அவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டார், நான் பேசினேன்.

“மேடம், நான் விஜயராணி. சர்ச்சுக்குப் போறவ. அன்னிக்கு உங்ககிட்ட நான் பாதிதான் சொன்னேன். நான் சர்ச்சுல இருந்தேன். என் மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. எனக்குப் பதிலா அதுல ஒச்சாயிதான் ஒக்காந்திருந்தா. எல்லா ஞாயித்துக்கிழமையும் அவதான். ஊசி இறங்கினது அங்கதான். எங்க வேணாலும் வந்து சொல்லுறேன்.”

செய்தி போய்விட்டது. இனி சண்முகவேல் டீ வரவழைக்க மாட்டார். எனக்கு வேலையே இருக்காது. பந்தியும் இந்நேரம் முடிந்திருக்கும். ஆனாலும் மனம் கொஞ்சம் லேசாகும்போல இருந்தது. மாதாமாதம் அழுது முடித்ததும் வருமே, அதே லேசு. எனக்கு அதைப் பார்த்துப் பயமாக இருந்தது.

ஒச்சாயி அக்கா மறுபடியும் கத்தியை எடுத்தாள். இடது கையில் அது நிற்கவில்லை.

“ஒனக்கு வேல போயிருமேடி.”

“போவட்டும்க்கா.”

“கம்பெனிய ஒத்துக்க வச்சிருவாகளா?”

“தெரியல. கேக்கிற எடத்துலல்லாம் வந்து சொல்லுவேன்.”

“வெரலு வருமா?”

“வராதுக்கா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.