பரங்கிக்கு விரல் நீட்டாதே

விற்க நினைக்கிற சரக்கை யாரும் மூடி வைக்க மாட்டார்கள். எங்கள் தீவின் கஸ்த்ரோ சந்தையில் மீன்காரிக்கும் கம்பளிக்காரனுக்கும் நடுவே தவழ்ந்து வளர்ந்தவன் நான். பேச்சு வருவதற்கு முன்பே எனக்கு இது தெரியும். அதனால்தான், பளிச்சென்று வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில் எதெல்மீரா தன் பரங்கிக்காய்க்குச் சாக்கைப் போர்த்துவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னம்மா, அதுக்குக் காய்ச்சலா?"

"பனி விழும் கடைக்காரரே."

"உச்சி வெயில்லயா?"

"சில பனி சொல்லாம கொள்ளாம வரும். உங்க மச்சான் மாதிரி."

ஏப்ரல் பிறந்திருந்தது. உலகத்தின் தென்கோடியில் கிடக்கிற எங்கள் தீவுக்கு இந்த மாதம்தான் இலையுதிர்காலம் துடுப்புச் சத்தம் கேட்காத படகு போல வந்து சேரும். பனிமூட்டத்துக்குள் ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் கரையில் நிற்கும். அதற்குப் பிறகு காலை வேளைகளில் கடல் எங்கே முடிகிறது, எதெல்மீராவின் தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆப்பிள்கள் மரத்திலிருந்து விழுகிற சத்தம் மட்டும் தூக்கத்தில் யாரோ நடப்பதுபோல் கேட்கும்.

உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. அவரை நெற்றுகள் அடுப்புக்கு மேலே தொங்கின. முட்டைக்கோசின் கடைசித் தலையும் சூப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் அந்த ஒரே பரங்கி. அது பழுக்கவே கூடாது என்பதுதான் எதெல்மீராவின் கவலை.

காரணம் இதுதான். போன குளிர்காலத்தில் அவள் இதே தோட்டத்துச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். எழ முடியவில்லை. மழைக்குள் கிடந்தவளை நான் பார்த்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. செய்தி கேட்டு மகள் யஸ்னா அக்கரை நகரமான புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"என் வீட்டுக்கு வந்துடும்மா. ரெண்டாவது மாடி. கதகதன்னு இருக்கும். சேறே கிடையாது."

மாட்டேன் என்று சொல்ல எதெல்மீராவுக்கு முகமில்லை. அதனால் பேரம் பேசினாள். "அடுத்த விளைச்சல் முடியட்டும். தோட்டத்துல கடைசியா மிஞ்சினதையும் எடுத்த அன்னிக்கு வர்றேன்." என் கடை மேசைக்கு மேலே இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சாட்சி நான். கெடுவின் கயிற்றை எதிராளி கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாளே, இந்த யஸ்னா எப்படிப் பிழைக்கப்போகிறாள் என்று அன்றைக்கே நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்கு யஸ்னா படகேறி வந்தாள். கையில் காலிப் பெட்டி, அம்மாவின் துணிமணிக்கு. நேராகத் தோட்டத்துக்குள் போனாள்.

"காய் எங்கே?"

"எந்தக் காய்?"

"அம்மா!"

சாக்கை அவளே இழுத்தாள். சாம்பல் பூத்த பச்சையில், கரையேறிப் படுத்துவிட்ட கடல்நாய் போலப் பரங்கி தூங்கிக்கொண்டிருந்தது. காம்பில் கண்ணேறுக்குக் கட்டிய சிவப்பு நாடா.

"இது பழுத்தாச்சு."

"காம்பைப் பாருடி. பச்சை."

"மாமா, நீங்க சொல்லுங்க."

"நான் கடைக்காரன்மா. ரெண்டு பேரும் எனக்கு வாடிக்கை."

யஸ்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அங்க மழை பெய்யுற ஒவ்வொரு ராத்திரியும் நான் முழிச்சே கிடக்கேன். நீ இங்க சேத்துல கிடக்கிறியோன்னு. எல்லாம் எதுக்காக? இந்த..."

அவள் கை உயர்ந்தது.

எங்கள் தீவில் கொடியில் கிடக்கிற பரங்கியை யாரும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. காட்டினால் காம்பு சுருங்கிக் காய் அழுகி உதிர்ந்துவிடும். தாடையால் காட்டலாம், மூடிய கையால் காட்டலாம். முழுக்குடியில் இருப்பவனும் மறக்க மாட்டான். பாதிரியாரே தாடையைத்தான் தூக்குவார். யஸ்னா மட்டும் நகரத்துக்குப் போனதிலிருந்து, "இதெல்லாம் நான் நம்புறதில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரே ஒரு விரல் போதும். காய் உதிரும், தோட்டம் காலியாகும், கை குலுக்கிக் கொடுத்த வாக்குப்படி அம்மா பெட்டியில் துணி மடிக்க வேண்டியதுதான். கடலிலிருந்து ஒரு துண்டுப் பனி வேலியேறி வந்து எங்கள் மூவருக்கும் நடுவே நின்றது. அதற்குள் அந்தக் கை எவ்வளவு நேரம் தொங்கியதோ, நாங்கள் மூவருமே அதே இடத்தில் முளைத்தவர்கள் போல நின்றோம்.

பனி விலகியபோது யஸ்னாவின் கை மூடியிருந்தது. தாடையைத் தூக்கி, "...இந்தக் காய்க்காக" என்று முடித்தாள்.

"நம்புறதில்லேன்னு சொன்னியே?" என்றாள் எதெல்மீரா மெதுவாக.

"நம்பலதான்."

"அப்புறம்?"

"கை குளிருது." மூடிய கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

எதெல்மீரா சாக்கை எடுத்து உதறி மடித்தாள். "வெயில் படட்டும். இது எப்பவோ பழுத்திருக்கணும். நான்தான் மூடி மூடி வெச்சேன்."

"தெரியும். சாக்கைப் பார்த்ததுமே தெரியும். நான் உன் மகதானே."

"ரெண்டாவது மாடின்னா எனக்குப் பயம்டி. காலுக்குக் கீழே மண் இல்லாம எப்படித் தூங்குறது?"

"எனக்கு மழைன்னா பயம்மா."

இரண்டு பக்கமும் இறங்கி வந்த பிறகுதான் தரகனுக்கு வேலை. கடைக்குப் போய் ஆட்டுக்குக் கட்டுகிற வெண்கல மணி ஒன்றை எடுத்துவந்தேன். "இதை இடுப்பு முடிச்சுல கட்டிக்கோங்க. நடந்தா ஒலிக்கும். நின்னா நான் வேலி தாண்டி வர்றேன்."

"என்னை ஆடாக்கிட்டீங்களே, கடைக்காரரே!"

"ஆடுன்னா சொன்ன பேச்சைக் கேக்கும்," என்றாள் யஸ்னா. ஆனால் முடிச்சை அவள்தான் போட்டாள், இழுத்துப் பார்த்து, இரண்டு தடவை.

அந்த வாரம் முழுக்க அம்மாவும் மகளும் கரையிலிருந்து கடற்பாசி அள்ளிவந்து பாத்திகளில் உரமாகப் பரப்பி, எங்கள் தீவுப் பூண்டின் குழந்தைக் கை அளவுள்ள பற்களை ஊன்றினார்கள். அதற்குப் பிறகுதான் பரங்கியைப் பறித்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ஆனால் தோட்டத்தின் கடைசி விளைச்சல் இப்போது மண்ணுக்குள் இருந்தது, அதை எடுக்கும்வரை அம்மா இங்கேதான். யஸ்னா காலிப் பெட்டியில் பாதிப் பரங்கியை வைத்துக்கொண்டு படகேறினாள்.

இப்போது மழைக்காலம். காலையில் கடை திறந்தால் எதிரே வெறும் வெள்ளை. வேலி இல்லை, தோட்டம் இல்லை, கடல் இல்லை. அதற்குள் எங்கோ மணி நடக்கிறது. பூண்டுப் பாத்தி ஓரம், ஆப்பிள் மரத்தடி, மறுபடியும் பாத்தி. திடீரென்று நிற்கிறது. நான் தராசைக் கீழே வைக்கிறேன்.

"குனிஞ்சு களை எடுக்கிறேன், கடைக்காரரே!" என்கிறது பனி. "போய் வியாபாரத்தைப் பாருங்க."