வரவேற்பு ஒத்திகை

"கொஞ்சம் சிரிங்க சார். தங்கச்சி ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்றாங்க," என்றான் சிறை அதிகாரிகள் அனுப்பியிருந்த கேமராக்காரன்.

திறந்த கதவில் கை வைத்தபடி அண்ணன் முறைத்தான். "அவ வர்றதை நினைச்சா சிரிப்பா வரும்?"

"சும்மா படம்தானே. சிரிச்சுத் தொலைங்க," என்று அண்ணி பல்லைக் கடித்தாள். அம்மா ஓரமாக நின்றாள்.

சிறை அதிகாரி கேட்டதை மறுக்க அண்ணனுக்குத் தைரியமில்லை. மூன்றாம் தடவை சிரித்துவிட்டான். "வாம்மா, இது உன் வீடு," என்று கைகளையும் விரித்தான்.

தங்கை நர்ஸ். இடுப்பு வலிக்குப் போட்டுக்கொண்ட ஊசி அவளைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து அதைத் திருடியபோது போலீஸ் பிடித்துக்கொண்டது. சிறையில் அவளுக்கு ஆன்மிக சிகிச்சை. தியான குரு ஒருவர் வந்து கைதிகளின் கண்ணில் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிவிடுவார். முதலில் மலையும் அருவியும் காட்டினார். கடைசிப் பாடம், வீடு திரும்புதல்; அதற்குத்தான் அந்தப் படம்.

கண்ணாடிக்குள் அண்ணன் சிரித்ததும் அவள் தேம்பி அழுதாள். பதினான்கு முறை வீடு திரும்பினாள். பதினான்கு முறையும் அழுதாள்.

"ஆன்மா கரையுது," என்றார் குரு. அதிகாரிகள் அதைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் முன்னதாகவே விடுதலை செய்தார்கள்.

நிஜ வீட்டில் அண்ணன் பாதிக் கதவைத்தான் திறந்தான். காலை பதினொரு மணிக்கே வாயில் சாராய நெடி.

"என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். போதைக் கேசு வீட்ல இருந்தா எவன் வருவான்? மானம் மரியாதை வேண்டாமா?" நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டுதான் மானத்தைப் பற்றிப் பேசினான்.

"நான் விட்டு ரெண்டு வருஷமாச்சுண்ணா."

"ஆம்பளை குடிச்சா அசதிக்குக் குடிக்கிறான். பொம்பளைக்கு என்ன கேடு?"

"இடுப்பு வலிண்ணா."

அண்ணி எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க, தெருவே பாக்குது."

அவளை விலக்கிக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். கையில் துணிப்பை, அதில் மாத்திரை டப்பாவும் மாற்று உடுப்பும்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"இவகூட."

"அப்ப என்னை யாரு பாத்துக்குறது?"

அம்மா நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இருபது வருஷமா நீ எடுத்த வாந்தியை அள்ளுனேன். அதை இந்தத் தெருவுல ஒருத்தரும் கேசுன்னு சொல்லல. இனிமே நீயே அள்ளிக்கோ."

மகள் பையை வாங்கிக்கொண்டாள். எங்கே போவதென்று இருவருக்கும் தெரியாது. ஆனாலும் வேகமாகத்தான் நடந்தார்கள்.